அல்சர்க்காரர்

எண்பத்தைந்தாம் வருடம் ஆவணி பதினேழாம் தேதி, மதியம் ஒன்றே கால் மணிக்கு, மாப்பிள்ளையின் தகப்பன் சென்னிமலையின் வீட்டுப் பந்தலில் முதல் பந்தி உட்கார்ந்தது.

பெண்ணைப் பெற்றவர் என்பதால் தலை இலை நாச்சிமுத்துவுக்கு. அந்த இலையில் மட்டும் பதார்த்தம் வேறாக இருந்தது. மற்றவர்களுக்குக் கத்தரிக்காய்க் குழம்பு, வடை, ரசம். அவருக்குக் குழைந்த சோறு, தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்த மணத்தக்காளிக் கீரை, கெட்டித் தயிர். மாப்பிள்ளையின் தாய் காளியாத்தாள் வேறு யாரிடமும் கரண்டியைக் கொடுக்காமல் தானே குனிந்து பரிமாறினாள்.

"மொளகா ஒன்னுகூட போடலீங்கண்ணா. புளி தொடவே இல்ல. வேலியோரமா நானே போயிப் பறிச்சாந்த கீரை. அல்சருக்கு இதுக்கு மேல மருந்து கெடையாது. எங்கய்யனுக்கு இதுலயே நின்னுபோச்சு."

"போடுங்க, போடுங்க" என்றார் நாச்சிமுத்து.

எதிர்வரிசையில் பெண்களோடு உட்கார்ந்திருந்த சௌந்திரம் கணவன் நாச்சிமுத்துவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிளகாயும் புளியும் இல்லையே தவிர, கீரையில் உப்பு இருந்தது. வீட்டில் அவருக்கு இரண்டு வருடமாக உப்பில்லாச் சோறு. முதல் கவளம் நாக்கில் பட்டதும் அவர் ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு தலை நிமிராமல் சாப்பிட்டார். இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். சம்பந்தி வீட்டுப் பந்தியில் உப்பு வேண்டாம் என்று யார் சொல்வது? சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

பந்தலின் நடுவில் நின்று சென்னிமலை சத்தமாகச் சொன்னார்: "எட்டாயிரம் கோழி வெச்சிருக்கறாரு நம்ம அல்சர்க்காரரு. ஒரு முட்டை திங்க மாட்டீங்கறாரு. நாமக்கல்லுக் கோழிகளுக்கெல்லாம் இவரு மேல நெம்பப் பிரியமாமா."

பந்தி சிரித்தது. நாச்சிமுத்துவும் சிரித்தார். "நாந் தின்னுபோட்டா லாரிக்கு என்னத்தைங்க ஏத்தறது?"

சாப்பாடு முடிந்ததும் நாலு மணி நல்ல நேரத்தில் இரண்டு வீட்டாரும் ராசிபுரம் கடைவீதிக்குப் போக வேண்டும். அங்கே உப்பும் சர்க்கரையும் வாங்கி ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள வேண்டும். அவர்கள் சாதியில் அதுதான் உறுதி. உப்புச்சர்க்கரை மாற்றிய பிறகு பெண் வீடும் பின்வாங்காது, மாப்பிள்ளை வீடும் பின்வாங்காது. பின்வாங்கியவர்கள் வீட்டில் அடுத்த கல்யாணத்துக்கு ஆள் வராது. சௌந்திரம் காலையிலிருந்து அந்த நாலு மணியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நாச்சிமுத்துவுக்கு அல்சர் இல்லை.

எழுபத்து மூன்றில் தொப்பூர்க் கணவாயில் அவர் ஓட்டிப்போன லாரி கவிழ்ந்தது. தொடை எலும்பு முறிந்து ரத்தம் நிறையப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். யாரோ காசுக்குக் கொடுத்த ரத்தம். வீட்டுக்கு வந்த சில வாரங்களில் மஞ்சள் காமாலை கண்டது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், இறங்கிவிட்டது. லாரியை விற்றுக் கோழிப்பண்ணை வைத்தார். பத்து வருடம் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு கால் வீங்கியது, வயிறு உப்பியது, நெஞ்சு எரிந்தது. நாமக்கல்லிலும் சேலத்திலும் காட்டினால் தெரிந்தவர்கள் கண்ணில் படும் என்று கோயமுத்தூருக்குப் போனார்கள்.

அந்த டாக்டர் மாவு போன்ற ஒன்றைக் குடிக்க வைத்துப் படம் எடுத்தார். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உணவுக்குழாயைக் காட்டினார். உள்ளே புழுப் புழுவாக ஏதோ நெளிவது போலத் தெரிந்தது. ஈரல் சுருங்கிவிட்டது, அதற்குள் போக முடியாத ரத்தம் வேறு வழி தேடி இந்த நரம்புகளைப் புடைக்க வைத்திருக்கிறது, என்றைக்காவது ஒன்று வெடிக்கலாம் என்றார். குடிப்பீங்களா என்று கேட்டார். ஒரு நாளும் இல்லீங்க என்றார் நாச்சிமுத்து. டாக்டர் தலையாட்டினார். அவர் நம்பவில்லை என்பது சௌந்திரத்துக்குத் தெரிந்தது. இந்த வியாதிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் போலும்.

நீர் பிரிய ஒரு மாத்திரை, வெளிறிய பச்சையில் இன்னொரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சோற்றில் உப்பே கூடாது என்றார். பச்சையைக் காட்டி அவர் சொன்னது அவளுக்கு அப்படியே நினைவிருக்கிறது. "இது எரிச்சலுக்கு மட்டும்தாம்மா. அமிலத்தைக் குறைக்கும். அந்த நரம்புக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. எரிச்சல் நின்னுடுச்சுன்னா சரியாயிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க. ரத்த வாந்தி எடுத்தா, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஈரல்னு முதல் வார்த்தையா சொல்லணும். அல்சர்னு நினைச்சு வயித்தைத் திறந்தாங்கன்னா ஆள் பிழைக்கிறது கஷ்டம்."

திரும்பி வரும் பஸ்ஸில் அல்சர் என்ற பெயரைக் கண்டுபிடித்தவன் அவள் தம்பி சடையன். பச்சை மாத்திரை அல்சருக்கும் கொடுக்கிற மாத்திரைதான் என்று மருந்துக்கடையில் கேட்டு வந்திருந்தான். அல்சர் மரியாதையான வியாதி. வேளாவேளைக்குச் சாப்பிடாமல் பாடுபட்டவனுக்கு வருவது. ஈரல் கெட்டது என்றால் சாராயக்கடை என்று அர்த்தம்; அதற்கு மேல் ஊரில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். போன வருடம் பரமத்திப் பக்கமிருந்து வந்த இடம், அப்பனுக்குக் காமாலை இருந்ததாமே என்ற ஒரு பேச்சில் நின்றுபோனது. மகள் மயிலம்மாளுக்கு இருபத்திரண்டு முடியப் போகிறது.

பச்சை மாத்திரை வேலை செய்தது. எரிச்சல் நின்றது. நாச்சிமுத்து அந்த அட்டையைச் சட்டைப்பையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார். கேட்டவர்களுக்கு எடுத்துக் காட்டினார். நீர் மாத்திரை வீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது. நாளாக ஆக அவருக்கே அது அல்சராகிவிட்டது. சில காலைகளில், அவர் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு பண்ணைக்குப் போகும்போது, சௌந்திரத்துக்கும் அப்படித் தோன்றியிருக்கிறது.

பந்தி எழுந்து கை கழுவப் போனது. வாழை மரத்தடியில் நாச்சிமுத்து குனிந்து வாய் கொப்பளித்தார். ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் வாந்தி எடுத்தார்.

முதலில் கீரை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அடுத்து வந்தது சிவப்பாக, கட்டி கட்டியாக, வாய் கொள்ளாமல் வந்தது. வெள்ளை வேட்டியின் முன்பக்கம் முழுக்க நனைந்தது. அவர் யாரிடமோ மன்னிப்புக் கேட்பது போலக் கையை அசைத்துவிட்டு உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை வேலுமணிதான் முதலில் ஓடி வந்தான். இடுப்பில் கை கொடுத்துத் தூக்கி, பெண் வீட்டார் வந்திருந்த வாடகைக் காரில் கிடத்தினான். டிரைவரைத் தேட நேரமில்லை என்று தானே ஓட்ட உட்கார்ந்தான். தலைமாட்டில் சௌந்திரம், கால்மாட்டில் சடையன். சென்னிமலை முன்னால் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னல் வழியாக மனைவியைப் பார்த்துக் கத்தினார்.

"நாலு மணி தாண்டப்படாது. எங்களுக்காவ நிக்க வேண்டாம். ரெண்டூட்டுச் சனமும் போயி மாத்தீருங்க. சகுனம் கிகுனம்னு எவனாச்சும் வாயத் தொறந்தான்னா நான் வந்து பேசிக்கறேன். பாடுபட்ட மனுசனுக்கு வயித்துல புண்ணு வந்தா அது சகுனமா?"

கார் கிளம்பியது. சௌந்திரம் துண்டால் கணவனின் வாயைத் துடைத்தபடி இருந்தாள். ஆண்டகளூர்க்கேட் தாண்டும்போது அவர் கண்ணைத் திறந்தார்.

"கீரை நல்லாருந்துது" என்றார் மெதுவாக.

"பேசாதீங்க."

"நீயும் பேசாத" என்றார்.

சேலம் அஸ்தம்பட்டியில், ஏற்காடு போகிற ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. கட்டிலில் போட்டதும் ஒரு சிஸ்டர் ஊசியைக் குத்திப் பாட்டில் தண்ணீர் ஏற்றினாள். டாக்டர் ஐம்பது வயதுக்காரர், அறுவை சிகிச்சைக்காரர். நாடியைப் பிடித்தார், இமையை விலக்கிப் பார்த்தார், வயிற்றில் விரலை வைத்துத் தட்டினார்.

"வயிறு கொஞ்சம் உப்பியிருக்கே. கண்ணும் லேசா மஞ்சளா இருக்கு. குடிப்பாரா?"

சௌந்திரம் வாயைத் திறந்தாள். அவளுக்கு முன்னால் சென்னிமலை பேசிவிட்டார்.

"யாரு, இவருங்களா? சோடா குடிச்சாலே ஏப்பம் உட வெக்கப்படற ஆளுங்க. நான் சாட்சி. ஊரெல்லாம் விசாரிச்சுத்தான் சம்பந்தம் பேசுனது. இது அல்சருங்க. நெம்ப நாளா இருக்குது." குனிந்து நாச்சிமுத்துவின் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். "பாருங்க."

டாக்டர் அட்டையைத் திருப்பிப் படித்தார். "சிமெடிடின். எத்தனை நாளா சாப்பிடறார்?"

"ரெண்டு வருசமாங்க" என்றான் சடையன்.

டாக்டரின் முகத்தில் இருந்த கேள்வி போய்விட்டது. அதே மருந்தை ஊசியாகப் போடச் சொன்னார். மூக்கு வழியாகக் குழாயை விட்டு ஐஸ் தண்ணீரை உள்ளே செலுத்தி உறிஞ்சினார்கள். கட்டிலடியில் இருந்த எனாமல் வாளியில் அது சிவப்பாக விழுந்தது. வாளியை மாற்றினார்கள். அடுத்ததும் சிவப்பாகவே விழுந்தது. முதல் வார்த்தை என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லியிருந்தார். அந்த முதல் வார்த்தையைச் சென்னிமலை சொல்லி முடித்துவிட்டார். சௌந்திரம் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சற்று நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். "நிக்கலை. புண்ணு ஒரு ரத்தக்குழாயை அரிச்சிருக்கு. திறந்து தைச்சுடறதுதான் வழி. மயக்க மருந்து டாக்டருக்கு ஆள் அனுப்பியிருக்கேன், இப்ப வந்துடுவார். ரத்தம் வேணும். யார் கொடுக்கறீங்க?"

"எடுத்துக்கச் சொல்லுங்க" என்றான் வேலுமணி. ஏற்கெனவே சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான். அவன் ரத்தம் சேருகிறது என்று சோதித்துச் சொல்லி, பின்கட்டிடத்துக்கு அழைத்துப் போனார்கள்.

சென்னிமலை சௌந்திரத்தின் பக்கம் திரும்பினார். "தைரியமா இரு தங்கச்சி. கண்ணாலத்துக்கு மின்னாடியே மாமனுக்கு மருமவன் சீர் செய்யறான் பாரு. எந்த ஊர்ல நடக்கும்?" சொல்லிவிட்டு டாக்டரின் பின்னாலேயே போனார்.

சடையன் அவளைச் சுவரோரம் இழுத்தான். "அக்கா, நாலு மணி வரைக்கும் பொறுத்துக்க. அங்க மாத்தி முடியட்டும். அப்பறம் நானே போயி டாக்டர்கிட்ட எல்லாஞ் சொல்லீர்றேன்."

"அதுக்குள்ள தொறந்துருவாங்கடா."

"தொறக்கட்டுமே. தொறந்து பாத்தா அவிங்களுக்கே தெரியாதா? படிச்சவிங்க. கோயமுத்தூர்க்காரன் சொன்னதுதான் வேதமா? மாத்திரை தின்னு எரிச்சல் நின்னுச்சா இல்லியா? அல்சராத்தான்க்கா இருக்கும்."

அவன் ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. பஸ்ஸில் தான் உண்டாக்கிய சொல்லை அவன் இப்போது உண்மையாகவே பிடித்துக்கொண்டிருந்தான். சௌந்திரத்துக்கும் அதைப் பிடித்துக்கொள்ள ஆசையாக இருந்தது. அப்படி இருந்துவிட்டால் அவள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நாலு மணிக்குக் கடைவீதியில் உப்பும் சர்க்கரையும் கை மாறும். இங்கே புண்ணைத் தைத்துவிடுவார்கள். தை மாதம் கல்யாணம். மயிலம்மாள் இப்போது நாமக்கல்லில் கண்ணாடி முன் உட்கார்ந்திருப்பாள். பெண்ணை உப்புச்சர்க்கரைக்கு அழைத்து வருவதில்லை. அப்பா எப்போது வருவார், என்ன சொன்னார்கள் என்று கேட்கக் காத்திருப்பாள். அவளுக்கும் அது அல்சர்தான். பெற்ற மகளிடமும் சொல்லவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவருக்கு வெளிக்குத் தார் மாதிரிக் கறுப்பாகப் போயிற்று. டானிக் குடித்ததால் என்றார் அவர். எந்த டானிக் என்று அவள் கேட்கவில்லை.

அவள் தம்பியின் கையை விலக்கிவிட்டு உள்ளே போனாள்.

நாச்சிமுத்துவின் முகம் சுண்ணாம்பு நிறத்தில் இருந்தது. மூக்கில் குழாய். அவள் பக்கத்தில் வந்ததும் விரல்களால் அவள் சேலை நுனியைப் பிடித்தார்.

"மணி என்ன?"

"மூணு ஆகப்போவுது."

"இன்னொரு மணி நேரம்."

"வயித்தத் தொறக்கப் போறாங்க. சொல்லாம இருந்தா..."

"தெரியும்" என்றார். குழாயோடு பேசுவது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. மூச்சு வாங்கிப் பேசினார். "நான் இல்லாட்டி மயிலு கண்ணாலம் நடக்கும் புள்ள. இருந்து, இது தெரிஞ்சா, நடக்காது."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. இரண்டு வருடமாக அவர் இதை யோசித்து வைத்திருக்கிறார் என்று அவளுக்குப் பட்டது. உப்பில்லாச் சோற்றின் முன் உட்கார்ந்து, ஒவ்வொரு நாளும். அவள் சேலை நுனியிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போர்வையின் மேல் வைத்தாள்.

தாழ்வாரக் கோடியில் டாக்டர் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு முழங்கை வரை சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் சென்னிமலை நின்று, தை மாதத்துக்குள் சம்பந்தி எழுந்து நடமாடிவிடுவாரா என்று கேட்டுக்கொண்டிருந்தார். சௌந்திரம் அவர் போகட்டும் என்று ஒரு கணம் நின்றாள். அவர் போகவில்லை.

"அவருக்கு அல்சர் இல்லீங்க" என்றாள்.

டாக்டர் திரும்பினார்.

"ஈரல் சுருங்கிப்போச்சுங்க. சோத்துக்கொழாயில நரம்பு பொடச்சிருக்குதுன்னு கோயமுத்தூர்ல படம் புடிச்சுக் காமிச்சாங்க. அந்த மாத்திரை எரிச்சலுக்குங்க. நரம்புக்கு அது கேக்காதுன்னாங்க. அல்சர்னு வயித்தத் தொறந்தா ஆளு பொழைக்காதுன்னாங்க."

"எப்பலேருந்து தெரியும்?"

"ரெண்டு வருசமாங்க."

டாக்டர் குழாயை மூடாமல் சோப்புக் கையோடு உள்ளே போய்விட்டார். அவர் குரல் கேட்டது. தியேட்டர் வேண்டாம். பலூன் வைத்த ரப்பர் குழாய் நம்மிடம் இருக்கிறதா, இல்லையென்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆளை ஓட்டு. ரத்தக்குழாயைச் சுருக்குகிற அந்த ஊசியை எடு. செருப்புச் சத்தங்கள் இங்குமங்கும் ஓடின.

தொட்டியில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. சென்னிமலை கையை நீட்டிக் குழாயை மூடினார்.

"சாராயமா?" என்றார்.

"இல்லீங்கண்ணா. சாமி சத்தியமா இல்ல. மின்ன லாரி கவுந்தப்ப ரத்தம் ஏத்துனாங்க. அதுல வந்துச்சு."

"ரத்தத்துல." அவர் பின்கட்டிடத்தின் பக்கம் பார்த்தார். "அப்படியும் வருமா?"

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. கோயமுத்தூர் டாக்டரைப் போல அவர் தலையாட்டவுமில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து ஈரக் கையைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் சாட்சி சொன்னேன் தங்கச்சி" என்றார். "நீ பக்கத்துல நின்னுட்டிருந்த."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். காலில் விழலாமா என்று நினைத்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் தொட்டியிலிருந்து வழிந்த தண்ணீர் தேங்கியிருந்தது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். வாசலில் சடையன் முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி இருந்தான். உள்ளே நாச்சிமுத்து ஓங்கரிப்பதும், விழுங்குங்க, விழுங்குங்க என்று டாக்டர் அதட்டுவதும் கேட்டன. பிறகு சத்தம் நின்றது. நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியவில்லை.

சென்னிமலை பெஞ்சில் உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரத்தில் மூன்று பத்து.

பின்கட்டிடத்திலிருந்து வேலுமணி வந்தான். வலது முழங்கையை மடித்துப் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தான். முகம் சற்று வெளுத்திருந்தது. வேலை ஒன்றைச் சரியாகச் செய்து முடித்தவனின் நடை. அத்தையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கார்ச் சாவியை இடது கையில் எடுத்துக்கொண்டு அப்பாவின் முன்னால் வந்து நின்றான்.

"இன்னும் ரெண்டு பாட்டல் வேணுமாமுங்கப்பா. நம்மூர்ல எங் கூட்டாளிக ரெண்டு பேரு இருக்கறாங்க, போயிக் கூட்டியாறேன். வெசையாப் போனா நாலு மணிக்குள்ள ராசிபுரம். கடைவீதியில நம்ம சனத்துகிட்ட ஏதாச்சும் சொல்லோணுமுங்களா?"